பிபிசியா, அல் ஜசீராவா: திரையில் எது கண்ணுக்கு இதம்?

யார் பக்கம் சாய்கிறார்கள் என்ற சண்டை இருக்கட்டும், இங்கே திரையை மட்டும் பார்ப்போம். பிபிசியில் செய்திக்கு முன் ஓடும் அந்தக் கவுன்ட்டவுன் இருக்கிறதே, 1999-இலிருந்து வரும் டேவிட் லோவின் இசை, பீப் பீப் என்று நொடிகளை எண்ணிக்கொண்டே செய்தியாளர்கள் ஊர் ஊராக அலைவதைக் காட்டி, கடைசி பீப் அடங்கியதும் தொகுப்பாளரின் முகம். அதற்காகவே டீயோடு முன்கூட்டி உட்காருவேன்.

அல் ஜசீரா ஆங்கிலம் 2006 நவம்பரில் தோஹாவிலிருந்து தொடங்கியது. அதன் பொன்னிற இலச்சினை அரபு எழுத்துகளையே சுடர்போல வளைத்து வரைந்தது, ஆங்கிலச் சேனல் என்பதற்காக அதை ரோமன் எழுத்துக்கு மாற்றவில்லை. மூலையில் அது நின்றால் போதும், எந்தச் சேனல் என்று சத்தமில்லாமலே தெரிந்துவிடும்.

பிபிசியிடம் எனக்கு ஒத்துவராதது சிவப்பு. தலைப்புப் பட்டை, இலச்சினை, பின்னணி எல்லாம் சிவப்பாக இருந்தால், நிஜமாகவே அவசரச் செய்தி வரும்போது எந்த நிறத்தைக் காட்டுவார்கள்? அப்புறம் லண்டன் செய்தி அறையைத் தொகுப்பாளருக்குப் பின்னால் காட்டுவது. அழகுதான், ஆனால் யாராவது எழுந்து நடந்தால் என் கண் அவர் பின்னாலேயே போய்விடுகிறது, செய்தி காதோடு நின்றுவிடுகிறது. அல் ஜசீராவில் தொகுப்பாளர் சீக்கிரம் ஒதுங்கிக் களத்துக்கு வழிவிடுகிறார், படங்களும் நிதானமாக நகர்கின்றன.

தலைப்புச் செய்திக்குப் பிபிசி, அரை மணி நேரம் உட்கார்ந்து பார்க்க அல் ஜசீரா. ரிமோட்டும் அப்படித்தான் பழகிவிட்டது.