நாய்க்குப் பல் தேய்த்த நான்கு ஆண்டுகள்

ஒரு நாள் காலையில் எங்கள் நாய் ராமுவின் வலது கண்ணுக்குக் கீழே கன்னம் வீங்கியிருந்தது. எங்கள் வீடு கோத்தகிரியில் தேயிலைத் தோட்டத்தை ஒட்டி இருக்கிறது. குளவி கொட்டியிருக்கும் என்று நினைத்து மஞ்சள் பற்றுப் போட்டேன். இரண்டு நாளில் வடிந்தது. பத்தாம் நாள் மறுபடி வீங்கி, உடைந்து சீழ் வழிந்தது. மருத்துவர் வீக்கத்தை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு நேராக மேல் உதட்டைத் தூக்கினார். மேல்வாயில் இருக்கும் பெரிய கடைவாய்ப்பல் பக்கவாட்டில் பிளந்து, வேர் வரை சீழ் பிடித்திருந்தது. அந்தப் பல்லின் வேர் கண்ணுக்குக் கீழேதான் முடிகிறது. ஞாயிறுதோறும் நான் ஆசையாகப் போட்ட ஆட்டுக்கால் எலும்பு செய்த வேலை அது.

கோயம்புத்தூருக்கு இறங்கிப் போய், மயக்க மருந்து கொடுத்து, எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, அந்தப் பல்லோடு ஆடிக்கொண்டிருந்த இன்னும் ஆறு பற்களை எடுத்தார்கள். அப்போது அவனுக்கு எட்டு வயது. பல மாதங்கள் வலியோடு சாப்பிட்டிருக்கிறான். ஒரு நாளும் முனகவில்லை, தட்டில் மீதி வைக்கவில்லை. வாய் நாற்றத்தை மட்டும் நான் கவனித்திருந்தேன். நாய் வாய் என்றால் நாறத்தான் செய்யும் என்று விட்டுவிட்டேன். ஆரோக்கியமான நாயின் வாய் அப்படி நாறாது.

ராமு போன பிறகு, நான்கு ஆண்டுகளுக்கு முன் சின்னு வந்தாள். மூன்று மாதக் குட்டி. நாட்டு நாயும் பொமரேனியனும் கலந்தவள். குட்டிக்கு 28 பால்பற்கள், வளர்ந்த நாய்க்கு 42 பற்கள். மூன்றாம் மாதத்திலிருந்து ஆறேழு மாதம் வரை பல் விழுந்து முளைக்கும் காலம், ஈறு புண்ணாக இருக்கும். அப்போது பிரஷ் வைத்தால் வலியைத்தான் நினைவில் வைத்துக்கொள்ளும். அதனால் நான் வெறும் விரலோடு தொடங்கினேன். முதல் வாரம் உதட்டை மட்டும் தொட்டேன். அடுத்த வாரம் உதட்டைத் தூக்கி, விரலால் ஈறை ஒருமுறை தடவினேன். ஈரத் துணி சுற்றிய விரல், பிறகு மென்மையான சிறிய பிரஷ் என்று வர இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. ஒருமுறை அவசரப்பட்டு வாயை இறுகப் பிடித்ததில் மூன்று நாள் என் கையைக் கண்டாலே கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டாள். மறுபடி விரலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.

இங்கே சிறுத்தை நடமாட்டம் உண்டு, நாயைத்தான் முதலில் தூக்கும். அதனால் இருட்டுவதற்குள் சின்னு வீட்டுக்குள் வந்துவிடுவாள். கதவைத் தாழிட்டதும் பல் தேய்ப்பது என்று வைத்துக்கொண்டேன். நேரம் மாறாததால் அவளும் எதிர்பார்க்கப் பழகினாள். "இந்தக் குளிரில் நமக்கே தண்ணீரைத் தொட முடியவில்லை, அதற்குப் பல் தேய்க்கிறாயா?" என்று அத்தை கேட்டார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. மார்கழியில் குழாய்த் தண்ணீர் பட்டாலே சின்னு தலையைத் திருப்பிக்கொள்வாள். பிரஷை வெதுவெதுப்பான நீரில் நனைத்த பிறகு அந்தத் தொல்லை இல்லை.

வாயைத் திறக்க வேண்டியதே இல்லை. வாய் மூடியிருக்க, கன்னத்து உதட்டைத் தூக்கி, பல்லும் ஈறும் சேரும் கோட்டில் பிரஷைச் சாய்த்துப் பிடித்துச் சின்னச் சின்ன வட்டமாகத் தேய்த்தால் போதும். உள்பக்கத்தைப் பெரும்பாலும் நாக்கே பார்த்துக்கொள்கிறது. மேல் கடைவாய்ப் பற்களுக்கு அருகே எச்சில் சுரப்பியின் வாய் திறப்பதால் அங்கேதான் காரை, அதாவது பல்லில் கல்போல இறுகும் அழுக்கு, அதிகம் படியும். பக்கத்துக்கு அரை நிமிடம், அவ்வளவுதான். ஆனால் அன்றாடம் வேண்டும். பல்லில் படியும் வழவழப்பான படலம் இரண்டு மூன்று நாளில் காரையாக இறுகத் தொடங்கும். இறுகிய பிறகு பிரஷால் போகாது. மயக்க மருந்து கொடுத்துச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும்.

பேஸ்ட் விஷயத்தில் கெஞ்சிக் கேட்கிறேன், நம்முடைய பேஸ்ட்டைத் தொடாதீர்கள். நாய்க்குத் துப்பத் தெரியாது. அதிலுள்ள ஃப்ளோரைடும் நுரையும் வயிற்றுக்குள்தான் போகும். சில பேஸ்ட்டுகளில் இனிப்புக்குச் சேர்க்கும் சைலிட்டால், நாயின் ரத்தச் சர்க்கரையைச் சடாரென்று இறக்கி உயிரையே வாங்கிவிடும். நாய்க்கென்று கோழி வாசனையோடு வரும் பேஸ்ட்டில் பட்டாணி அளவு போதும். அது தீர்ந்துபோன வாரங்களில் வெறும் ஈரப் பிரஷால் தேய்த்தேன். பேஸ்ட்டைவிட பிரஷ் உரசுவதுதான் முக்கியம்.

மற்றவற்றையும் முயன்று பார்த்தேன். தேங்காய் எண்ணெய் இந்தக் குளிரில் கல்லாக உறைந்தது. உருக்கித் தடவினால் ருசித்து நக்கினாள், படலம் அப்படியே இருந்தது. கேத்திப் பள்ளத்தாக்குக் கேரட்டைப் பச்சையாகக் கொடுத்தால் ஆனந்தமாகக் கடிக்கிறாள். நல்ல தீனிதான், ஆனாலும் ஈறோரத்தைக் கேரட் தொடுவதில்லை. மான்கொம்பு, மாட்டுக்குளம்பு, எலும்பு எதுவும் எங்கள் வீட்டுக்குள் வராது. நகத்தை அழுத்தினால் பள்ளம் விழாத எதையும் நாய்க்குக் கடிக்கக் கொடுக்காதீர்கள். வாய் நாற்றத்துக்குக் குடிநீரில் நீலகிரித் தைலம் ஒரு சொட்டு விடச் சொன்னார் தெரிந்தவர் ஒருவர். இந்த மலையில் கடைக்குக் கடை அது கிடைக்கிறது, ஆனால் நாய்க்கு அது நஞ்சு.

நாயின் வாய்க்குள் விரல் விடுபவர்கள் நாய்க்குப் போடும் வெறிநாய்க்கடித் தடுப்பூசியை ஒரு வருடம்கூடத் தவறவிடக் கூடாது. வெறிநாய்க்கடி சிகிச்சைக்கென்று 1907இல் தொடங்கிய பாஸ்டர் நிறுவனம் இருக்கும் குன்னூருக்குப் பக்கத்தில் வாழ்ந்துகொண்டு இதில் அசட்டையாக இருப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

சென்ற ஆண்டுப் பரிசோதனையில் சின்னுவுக்கு 42 பல்லும் இருந்தன, ஈறு இளஞ்சிவப்பாக இருந்தது. வலது மேல் கடைவாய்ப் பல்லில் மட்டும் ஈறை ஒட்டிப் பழுப்பாக ஒரு கோடு. ராமுவுக்குப் போன அதே பல். வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் புரிந்தது. எப்போதும் இடப்பக்கத்திலிருந்து தொடங்குவேன். வலப்பக்கம் வரும்போது அவளுக்குப் பொறுமை தீர்ந்திருக்கும், அடுப்பில் பால் பொங்கும், நாலே இழுப்பில் முடித்துவிடுவேன். அன்றிலிருந்து வலப்பக்கத்தில்தான் தொடங்குகிறேன். பாலை அதற்குப் பிறகுதான் அடுப்பில் வைக்கிறேன்.