குன்னூர் சபை ஒன்றின் ஆல்பா பாடநெறி: குழு நடத்துநர் தேர்வில் காட்டிய அக்கறை

கிறிஸ்தவ விசுவாசத்தைப் புதிதாக அறிய விரும்புகிறவர்களுக்கான ஆல்பா பாடநெறியைக் குன்னூரில் ஒரு சபை மாலை வேளைகளில் நடத்துகிறது. அதில் முழுமையாகக் கலந்துகொண்டவன் என்ற முறையில், சிறு குழுக்களை நடத்த அங்கே ஆட்களைத் தெரிந்தெடுத்த விதமே அதன் பெரும் பலம் என்று சொல்வேன்.

1977-இல் லண்டனின் ஹோலி டிரினிட்டி பிராம்ப்டன் ஆலயத்தில் தொடங்கி, 1990-இல் நிக்கி கம்பெல் பொறுப்பேற்ற பின் பல நாடுகளுக்கும் பரவிய இப்பாடநெறியில் ஒவ்வொரு கூடுகைக்கும் மூன்று பகுதிகள் உண்டு: சேர்ந்து உண்பது, ஓர் உரை, அதையொட்டிய குழு உரையாடல். உரை காணொளியாகவே கிடைக்கிறது. உணவைச் சபையார் சமைத்துவிடுகிறார்கள். உரையாடல் மட்டும் முற்றிலும் அதை நடத்துகிறவரைப் பொறுத்தது.

நம் சபைகளில் இத்தகைய பொறுப்பு, மரியாதையின் பொருட்டு, சபை நிர்வாகத்தைக் கவனிக்கும் குருசேகரக் குழு உறுப்பினருக்கோ நெடுநாள் ஞாயிறு பள்ளி ஆசிரியருக்கோ போய்ச் சேர்ந்துவிடுகிறது. வசனம் நன்கறிந்த அவர்களில் பலர் கேள்வி முடியுமுன்பே பதிலைத் தொடங்கிவிடுவதால், கேட்டவர் மறுவாரம் வருவதில்லை. இந்தச் சபையின் ஆயரோ, முந்தைய பாடநெறிக்கு விருந்தினராக வந்தவர்களில் பிறர் பேச்சில் குறுக்கிடாதவர் யார், தனியே நிற்கும் புதியவரிடம் தாமாகவே போய்ப் பேசியவர் யார் என்று கவனித்து, அவர்களைத் தனித்தனியே அழைத்துக் கேட்டு, ஒரு பாடநெறி முழுவதும் உதவியாளராக அமரவைத்த பிறகே குழுவை ஒப்படைக்கிறார். யாத்திராகமத்தில் மோசேக்கு அவர் மாமனார் எத்திரோ, தலைவர்களைத் தெரிந்தெடுக்கச் சொல்லும் தகுதிகளிலும் தேவபயமும் உண்மையும் இருக்கின்றனவே தவிர, சொல்வன்மை இல்லை.

எங்கள் குழுவை நடத்தியவர் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஓர் அக்கா. இயேசு ஏன் மரித்தார் என்ற உரைக்குப் பின், 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து திரும்பிய குடும்பத்தைச் சேர்ந்த ஓர் அண்ணன், இயேசுவை அறியாமலே இறந்துபோன தம் பாட்டியின் நிலை என்ன என்று கேட்டார். அக்கா விளக்கம் எதையும் தொடங்காமல், "பாட்டி எப்படிப்பட்டவங்கண்ணே?" என்று மட்டும் கேட்டார். அதுவரை பெரும்பாலும் மௌனமாயிருந்த அவர் நெடுநேரம் பேசினார்; படுகர் சமூகத்து ஆசிரியை ஒருவரும் தம் தகப்பனாரைப் பற்றி அதே கேள்வியை எழுப்பினார். அன்று முடிவான பதில் கிடைக்கவில்லை, ஆயினும் இருவரும் இறுதிவரை வந்தார்கள்.

குழுக்களைப் பிரித்ததிலும் மலையின் நிலவரம் அறிந்திருந்தார்கள். ஒரே எஸ்டேட்டில் வேலை வாங்கும் மேஸ்திரியையும் தொழிலாளியையும் ஒரே குழுவில் அமர்த்தவில்லை. அப்படி அமர்த்தினால் தொழிலாளி வாய் திறக்கமாட்டார் என்பது இங்கே வேலை செய்தவர்களுக்குத் தெரியும்.

குறைகளும் உண்டு. நடத்துநர்களுக்கான பயிற்சி ஒரே மாலையில் முடிந்துவிட்டதால், ஒருவரே விடாமல் பேசும்போது பேச்சை எப்படி மற்றவர் பக்கம் திருப்புவது என்பதை அவர்கள் பழகவில்லை. பக்கத்துக் குழு இதனால் பல வாரங்கள் தவித்தது. கோத்தகிரிப் பக்கமிருந்து வந்த நடத்துநர் ஒருவர் கடைசிப் பேருந்துக்காக உரையாடலின் நடுவிலேயே எழுந்துபோக வேண்டியிருந்தது. பயிற்சியை இரண்டு மாலைகளாக்கி, ஒவ்வொரு குழுவிலும் நகருக்குள் குடியிருக்கும் உதவியாளர் ஒருவரையாவது சேர்த்தால் இவ்விரண்டும் தீரும். கேள்விகளோடு இருக்கிறவர்கள் இந்தப் பாடநெறிக்குத் தயங்காமல் போகலாம். ஆல்பா தொடங்க எண்ணும் சபைகள், காணொளியைத் தருவிப்பதற்கு முன் இந்த ஆயரிடம் ஒருமுறை பேசிவிட்டு வருவது நல்லது.