போர்க், மெக்கன்ரோ: பேர் ரெண்டு, கதை ஒருத்தருடையது

'போர்க் வெர்சஸ் மெக்கன்ரோ' என்ற பேரைப் பார்த்துவிட்டு ரெண்டு பேருக்கும் சரிபாதி கதை இருக்கும் என்று நம்பி உட்கார்ந்தால் கொஞ்சம் ஏமாற வேண்டியிருக்கும். 2017ல் வந்த இந்தப் படத்தை ஸ்வீடனில் வெறும் 'போர்க்' என்றுதான் வெளியிட்டார்கள். அதுதான் நியாயமான பேர். வெளிநாட்டு வியாபாரத்துக்காக மெக்கன்ரோவையும் போஸ்டரில் ஏற்றியிருக்கிறார்கள் போலிருக்கிறது. சரி, பார்க்கலாமா என்று கேட்டால், தாராளமாகப் பார்க்கலாம். டென்னிஸில் லவ் என்றால் என்ன, டியூஸ் என்றால் என்ன என்று தெரியாதவர்கள்கூடப் பார்க்கலாம், சொல்லப்போனால் அவர்களுக்குத்தான் படம் இன்னும் நன்றாக இருக்கும், தெரிந்தவர்கள் சில இடங்களில் பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டிவரும், அதைப் பிறகு சொல்கிறேன்.

கதை நடப்பது 1980 விம்பிள்டனில். பியோர்ன் போர்க் அதற்கு முன் தொடர்ந்து நான்கு வருடம் கோப்பையைத் தூக்கியவர், ஐந்தாவதுக்காக வந்திருக்கிறார், வயது 24. ஜான் மெக்கன்ரோவுக்கு 21, நியூயார்க்கில் வளர்ந்த பையன், அம்பயரோடு சண்டை, லைன் பார்ப்பவரோடு சண்டை, காலரியில் உட்கார்ந்திருப்பவரோடும் சண்டை. போர்க் என்றால் முகத்தில் ஒரு தசைகூட அசையாது. அந்தக் காலத்துப் பத்திரிகைகள் ஒருத்தரைப் பனி என்றும் இன்னொருத்தரை நெருப்பு என்றும் எழுதி எழுதியே ஆட்டத்துக்குப் பரபரப்பு ஏற்றின. படம் அந்தக் கதையை எடுத்துக்கொண்டு, அந்தப் பனிக்குள்ளேயும் நெருப்புதான் இருந்தது என்று சொல்லப் பார்க்கிறது. சொல்லியும் விடுகிறது. ஒன்றே முக்கால் மணி நேரத்தில் முதல் ஒரு மணி நேரம் முழுக்க இதற்குத்தான்.

சின்ன வயசு போர்க் வரும் காட்சிகள்தான் எனக்குப் படத்திலேயே ரொம்பப் பிடித்தவை. சோடர்டால்யே என்ற ஊரில் கராஜ் கதவின் மேல் பந்தை அடித்து அடித்துப் பழகும் பையன், தோற்றால் ராக்கெட்டை வீசுகிறான், கத்துகிறான், கிளப்பிலிருந்து சஸ்பெண்ட் ஆகிறான். அதாவது அப்படியே மெக்கன்ரோ! அந்தப் பையனாக நடித்திருப்பது போர்க்கின் சொந்த மகன் லியோ போர்க். நடிப்பு எப்படியோ, ராக்கெட் பிடிக்கும் பிடியே வேறு, பந்தை அடிக்கும்போது ஒரு துளி பொய் கிடையாது. பின்னாளில் அவரும் டென்னிஸ் வீரராகவே ஆகிவிட்டார். இந்தப் பையனைக் கையில் எடுப்பவர் லெனார்ட் பெர்கலின், நாடுகள் அணியாக மோதும் டேவிஸ் கோப்பை டென்னிஸில் ஸ்வீடன் அணியைக் கவனித்தவர், ஸ்டெல்லான் ஸ்கார்ஸ்கார்ட் நடித்திருக்கிறார். இனிமேல் களத்தில் உன் முகத்தில் எந்த உணர்ச்சியையும் காட்டமாட்டேன் என்று எனக்கு வாக்குக் கொடு என்று பெர்கலின் அவனிடம் கேட்கும் காட்சியில் மனுஷன் குரலை உயர்த்தவே மாட்டார், ஆனால் பார்க்கிற நமக்கு வயிற்றைப் பிசையும்.

எனக்கு அந்தக் காட்சியில் சந்தோஷமும் இல்லை, கோபமும் இல்லை, ஏதோ ஒரு சங்கடம். எங்கள் திருப்பூரில், கோவையில், ஈரோட்டில் எந்தப் பக்கம் திரும்பினாலும் இப்போது ஷட்டில் கோர்ட்டுதான், காலை ஐந்து மணிக்கே லைட் எரியும், பனியன் கம்பெனி முதலாளிகள் ஒரு பக்கம் ஆடிக்கொண்டிருக்க இன்னொரு பக்கம் கோச்சிங்குக்குப் பிள்ளைகளைக் கூட்டிவந்த அப்பாக்கள் ஓரத்தில் நின்றுகொண்டு ஒவ்வொரு பாயிண்டுக்கும் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பார்கள். பையன் தோற்று அழுதால் உடனே 'அழுகாதடா, எல்லாரும் பாக்கறாங்க' என்பார்கள். பெர்கலின் செய்ததும் பார்க்கப்போனால் அதேதான், கொஞ்சம் அன்போடு, கொஞ்சம் தந்திரத்தோடு. அந்த வாக்கினால் போர்க் உலக சாம்பியன் ஆனார், அதே வாக்கு அவரை உள்ளே தின்றது என்று படம் ரெண்டையும் சொல்கிறது, எது சரி என்று தீர்ப்புச் சொல்ல வரவில்லை. நம் ஊர் விளையாட்டுப் படம் என்றால் இந்நேரம் செலக்‌ஷன் கமிட்டியில் ஒரு வில்லன் உட்கார்ந்து காசு எண்ணிக்கொண்டிருப்பான், இதில் வில்லனே கிடையாது. கெட்டவர்கள் யாரும் இல்லாமல் ஒருத்தரால் இவ்வளவு கஷ்டப்பட முடியும் என்று காட்டியதற்காகவே இயக்குநருக்கு ஒரு கும்பிடு. யானுஸ் மெட்ஸ் டென்மார்க்காரர், அதற்கு முன் ஆப்கானிஸ்தானில் டேனிஷ் ராணுவ வீரர்களோடு போய் ஆவணப்படம் எடுத்தவர். அந்தக் கை தெரிகிறது, மேட்சுக்கு முந்தைய அறைக் காட்சிகளை எல்லாம் சண்டைக்கு முந்தைய கூடாரம் போலவே எடுத்து வைத்திருக்கிறார்.

வளர்ந்த போர்க்காக வரும் ஸ்வெரிர் குட்னாசன் அச்சு அசல் போர்க், அந்த முடி, தலையில் பட்டை, நெருக்கமான கண்கள் எல்லாம் சேர்ந்து பழைய போட்டோவிலிருந்து இறங்கி வந்தமாதிரி இருக்கிறார். அவருடைய சடங்குகளைக் காட்டும் இடங்கள் பிரமாதம். ஒவ்வொரு வருஷமும் அதே ஹோட்டல், அதே மாதிரி கார், ராத்திரி அறையை நடுங்கும் அளவுக்குக் குளிர வைத்துத் தூங்குவது. ராக்கெட்டுகளைத் தரையில் வரிசையாகப் பரப்பி வைத்துக்கொண்டு நரம்பின் இறுக்கத்தைச் சோதித்துப் பார்ப்பார்கள் அவரும் பெர்கலினும். நிஜ போர்க் மர ராக்கெட்டில் நரம்பை மற்றவர்கள் யோசித்தும் பார்க்காத இறுக்கத்தில் கட்டுவார், சில சமயம் ராத்திரியில் சும்மா கிடக்கும் ராக்கெட்டிலேயே நரம்பு பட்டென்று அறுந்துவிடுமாம். அந்த மனுஷனின் மனசைக் காட்டத் தனியாக வசனம் எதற்கு, இதுவே போதுமே. ஆனால் படத்துக்கு இது போதவில்லை, வீட்டாஸ் கெருலைட்டிஸ் என்ற இன்னொரு டென்னிஸ் வீரரை நைட் கிளப்பில் உட்கார வைத்து மெக்கன்ரோவிடம் எல்லாவற்றையும் வாய்விட்டு விளக்க விடுகிறார்கள். தேவையா? ஆரம்பத்தில் மொனாக்கோவில் ரசிகர்களிடமிருந்து தப்பித்து ஒரு காபிக் கடைக்குள் நுழையும் போர்க், கையில் காசில்லாமல் முழிப்பதும், என்ன வேலை செய்கிறாய் என்று கேட்டதற்கு எலெக்ட்ரீஷியன் என்று சொல்வதும் எவ்வளவு லேசாக, எவ்வளவு அழகாக வருகிறது, அந்த நம்பிக்கை படம் முழுக்க இருந்திருக்கலாம்.

என்னோடு சேர்ந்து பார்த்த மாமா பூப்பந்து ஆடியவர், டென்னிஸ் அவருக்கு டிவியில் பார்த்த அளவுக்குத்தான். பாதிப் படத்தில், 'ஏன் மாப்ள, இந்தக் கோச்சு பையனோட கோவத்தை அடக்கிப்போட்டாரா, இல்லையா?' என்றார். அடக்கிட்டாருங்க மாமா, அதான் முகம் அப்படி இருக்குது என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. 'அடக்கல. ரேக்ளாவுக்குக் காளைய அடக்கியா கூட்டிட்டுப் போறாங்க? வெறியோட இருக்கறதப் புடிச்சு வண்டீல பூட்டறதுதான். அவிழ்த்து விட்டா யார் மேலயாவது பாயும், பூட்டுனா ஓடும்.' விமரிசனம் எழுத உட்கார்ந்த எனக்கு இதைவிட நன்றாக அந்தப் பாத்திரத்தைச் சொல்லத் தெரியவில்லை, அதனால் அப்படியே எழுதிவிட்டேன்.

மெக்கன்ரோ விஷயத்துக்கு வருவோம். ஷயா லபாஃப் நன்றாகத்தான் செய்திருக்கிறார், கத்தும் இடங்களைவிடக் கத்தாமல் உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்கும் இடங்களில். ஹோட்டல் அறைச் சுவரிலேயே யார் யாரோடு மோதுகிறார்கள் என்று டிரா வரைந்து வைத்துக்கொண்டு முறைத்துக்கொண்டிருப்பார். சின்ன வயசில் வீட்டுக்கு வந்த விருந்தாளிகள் முன்னால் அப்பா பெரிய பெரிய எண்களைக் கொடுத்து மனக்கணக்காகப் பெருக்கச் சொல்லும் காட்சி ஒன்று உண்டு. விருந்தாளி வந்தால் பிள்ளையை நிறுத்திப் பாட்டுப் பாடு, ரைம்ஸ் சொல்லு என்று படுத்தாத வீடு நம் பக்கம் எத்தனை? அதைப் பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்தேன், அடுத்து என்ன என்று. அடுத்து ஒன்றும் இல்லை! திரும்பவும் போர்க்கிடம் போய்விடுகிறார்கள். காலிறுதியில் தன்னோடு இரட்டையர் ஆடும் நண்பன் பீட்டர் ஃபிளெமிங்கையே தோற்கடித்துவிட்டு வரும் பகுதியும் அப்படித்தான், நல்ல கறியைத் தட்டில் வைத்துவிட்டு எடுத்துக்கொண்டு போகிறார்கள். இதற்கு மேல் 21 வயசுப் பையனுக்கு 30ஐத் தொட்ட நடிகர், 24க்கு அதைவிடப் பெரியவர், முகத்தில் அந்த வயசுக்குரிய பிஞ்சுத்தனம் ரெண்டு பேருக்கும் இல்லை. இவ்வளவு சின்னப் பசங்க மேல இவ்வளவு பாரமா என்று நமக்கு வர வேண்டிய பதைப்பு அதனாலேயே குறைந்துவிடுகிறது.

ஃபைனல் 1980 ஜூலை 5 அன்று நடந்தது. மெக்கன்ரோ உள்ளே வரும்போதே கூட்டம் ஊளையிட்டது, அரையிறுதியில் ஜிம்மி கானர்ஸோடு ஆடியபோது அவர் போட்ட ஆட்டம் அப்படி. அஞ்சு செட்டில் மூணு எடுப்பவருக்குக் கோப்பை. போர்க் பக்கமிருந்து பார்த்தால் செட்டு வாரியாக 1-6, 7-5, 6-3, 6-7, 8-6. போர்க் ஜெயித்தார். முடிவைச் சொல்லிவிட்டேனே என்று திட்டாதீர்கள், 45 வருஷத்துக்கு முந்தைய செய்தி இது, தெரிந்து பார்த்தாலும் அந்தக் கடைசிப் பகுதி பிடித்து உட்கார வைக்கும் என்பதுதான் படத்தின் சாமர்த்தியம். நாலாவது செட்டு 6-6 என்று சமமாகி, செட்டு யாருக்கு என்று முடிவு செய்யும் டை-பிரேக்குக்குப் போகிறது. ஏழு புள்ளியில், ரெண்டு புள்ளி வித்தியாசத்தில் முடிய வேண்டிய சமாச்சாரம் முடியாமல் இழுத்துக்கொண்டே போய் 18-16ல் மெக்கன்ரோ பக்கம் போனது. அதற்குள் அஞ்சு தடவை போர்க் கோப்பைக்கு ஒரே ஒரு புள்ளி தூரத்தில் நின்றார், அஞ்சு தடவையும் மெக்கன்ரோ பறித்துக்கொண்டார், டை-பிரேக்குக்கு முன்னால் தவறவிட்ட ரெண்டையும் சேர்த்தால் ஏழு. ஏழு முறை கைக்கு வந்ததைக் கோட்டைவிட்ட ஒருத்தர் அடுத்த செட்டுக்கு எழுந்து போய் நின்று ஜெயிக்கிறார் என்றால் அந்த மனசை நினைத்துப் பாருங்கள்.

டென்னிஸ் பார்த்துப் பழகியவர்கள் பல்லைக் கடிக்க வேண்டும் என்றேனே, அது இங்கேதான். பந்து ரெண்டு பக்கமும் மாறி மாறிப் போகும் ரேலி ஒன்றைக்கூட முழுசாகக் காட்டமாட்டேன் என்கிறார்கள். ராக்கெட் ஒரு ஷாட், ஷூ ஒரு ஷாட், வேர்வை ஒரு ஷாட், பந்து புல்லில் பட்டுப் புழுதி கிளம்ப ஒரு ஷாட், வெட்டு வெட்டு என்று வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். போர்க் பின்னாலேயே நின்று பந்தை முன்பக்கமாகச் சுழலவிடும் டாப் ஸ்பின் போட்டு ஆளைக் களைக்க வைப்பவர், மெக்கன்ரோ இடதுகைக்காரர், சர்வீஸ் போட்டதும் நெட்டுக்கு ஓடிவந்து மென்மையாகத் தட்டிவிடுபவர், இந்த ரெண்டு ஆட்டமுறைகள் மோதியதில்தான் அந்த மேட்சின் அழகே இருந்தது, அது படத்தில் தெரியவே தெரியாது. மாமாவுக்கு இது ஒரு குறையாகவே படவில்லை, ஸ்கோர் போர்டைப் பார்த்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். வர்ணனையாளர்கள் வேறு, பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிற மாதிரி ஒவ்வொன்றையும் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். அஞ்சாவது செட்டுக்கு இன்னும் கொஞ்சம் நேரம் கொடுத்திருக்கலாம்.

துணிமணி பற்றி ஒரு வார்த்தை, பனியன் ஊர்க்காரன் இதைச் சொல்லாமல் போக முடியாது. போர்க் போடும் அந்த மெல்லிசுக் கோடு போட்ட ஃபிலா டீ-சர்ட்டும், உடம்போடு ஒட்டிய ஃபிட்டும், இத்தனூண்டு ஷார்ட்ஸும் அந்தக் காலத்தை அப்படியே கொண்டுவந்திருக்கின்றன. காலரும் கை மடிப்பும் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று ரெண்டு இடத்தில் நிறுத்திப் பார்த்தேன், தொழில் புத்தி.

இன்னொன்று, இந்த ரெண்டு பேருமே நமக்கு அந்நியர்கள் கிடையாது. 1974 யு.எஸ். ஓப்பனில் போர்க்கைத் தோற்கடித்தவர் நம் சென்னைக்காரர் விஜய் அமிர்தராஜ். 1979 விம்பிள்டன் ரெண்டாவது சுற்றிலேயே அவர் போர்க்கை ரெண்டுக்கு ஒரு செட் என்று பின்தங்க வைத்து, கடைசியில் அஞ்சு செட்டில் கோட்டைவிட்டார். அன்றைக்கு அவர் ஜெயித்திருந்தால் அஞ்சு கோப்பைக் கணக்கே கிடையாது, இந்தப் படமும் கிடையாது. 1984ல் மெக்கன்ரோ வருஷம் முழுக்க மூன்றே மூன்று மேட்சில்தான் தோற்றார், அதில் ஒன்று சின்சினாட்டியில் நம் விஜய்யிடம். படத்தில் இதெல்லாம் வராது, வரவும் தேவையில்லை, பார்க்கும்போது மனசில் வைத்துக்கொண்டால் ஒரு தனி குஷி.

கடைசியில் ஏர்போர்ட்டில் ரெண்டு பேரும் சந்தித்துக்கொள்ளும் காட்சியோடு படத்தை முடிக்கிறார்கள். நல்ல காட்சிதான், நடிகர்கள் ரெண்டு பேரும் ஒரே பிரேமில் நிம்மதியாக நிற்பது அங்கேதான். எனக்கு உள்ள பெரிய மனக்குறை, இவர்கள் ஒரு வருஷம் முன்னாடியே கதையை நிறுத்திவிட்டார்கள் என்பது. 1981ல் அதே விம்பிள்டன் ஃபைனலில் மெக்கன்ரோ போர்க்கை வீழ்த்தினார், அப்புறம் யு.எஸ். ஓப்பன் ஃபைனலிலும். அந்த ரெண்டாவது தோல்விக்குப் பிறகு போர்க் பரிசளிப்புக்குக்கூட நிற்காமல் மைதானத்தை விட்டுக் கிளம்பிப் போய்விட்டார், 26 வயசில் ஓய்வை அறிவித்தார். மொத்தம் 14 முறை மோதியதில் ஆளுக்கு 7. தோற்பதைப் பற்றிய பயத்தை ஒன்றரை மணி நேரம் ஊதி ஊதிப் பெரிசாக்கிவிட்டு, அந்தப் பயம் நிஜமான வருஷத்தைக் காட்டாமல் விட்டால் எப்படி? குட்னாசனும் ஸ்கார்ஸ்கார்டும் இருக்கும்போது அதை அரைமணி நேரம் எடுத்திருந்தால்கூட வேறு படமாக ஆகியிருக்கும்.

பார்க்கப்போகிறவர்களுக்கு: பாதி வசனம் ஸ்வீடிஷ், மீதி இங்கிலீஷ், அதனால் சப்டைட்டில் போட்டுக்கொள்ளுங்கள். ராத்திரி சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்துகொண்டு பார்த்தால் முதல் அரைமணி நேரத்தில் தூக்கம் வரலாம், சத்தமே இல்லாமல் நகரும். கோச்சிங் போகிற பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்கலாம் என்று யோசிப்பவர்கள், மெக்கன்ரோ வாயைத் திறந்தாலே கெட்ட வார்த்தைதான், ஆடை குறைவான காட்சியும் உண்டு, முதலில் நீங்கள் தனியாக ஒரு தடவை பார்த்துவிட்டு அப்புறம் முடிவு பண்ணுங்கள்.