388 வெள்ளி பேக்கேஜ், ஒரு வாரம்கூட நிற்காத அக்ரிலிக் நகம்: பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் 'போனது போகட்டும்' என்று விட்டுவிடுவேன், அது என் சுபாவம். விஷயம் இதுதான்: அக்ரிலிக் நகத்துக்கு, அதாவது சொந்த நகத்தின்மேல் போடும் செயற்கை நகத்துக்கு, 388 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) பேக்கேஜ் கட்டினேன், ஒரு வாரம் முழுசாக ஆவதற்குள் பத்து விரலிலும் ஒட்டு விட்டுத் தூக்கிக்கொண்டது, கேட்கப் போனால் குறை என் கையில்தான் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். கடையின் பெயரைப் போடப் போவதில்லை. வீவக (அரசு அடுக்குமாடி வீடுகள்) பேட்டை ஒன்றின் கடைத்தொகுதியில், மேல்தளத்தில், நாலைந்து நாற்காலி போட்டு நடக்கும் நகக் கடை, அவ்வளவுதான்.

அக்கா மகளுக்குக் கல்யாணம், சிராங்கூன் சாலை பெருமாள் கோயில் மண்டபத்தில். சீர்த்தட்டு தூக்குவதிலிருந்து பந்தி விசாரிப்பது வரை சித்தியின் கைதான் எல்லாப் படத்திலும் விழும். என் மகள்தான் சொன்னாள், "அம்மா, அக்ரிலிக் போட்டுக்குங்க, உறுதியா நிக்கும்." அவள் சொன்னதில் தப்பில்லை. ஒழுங்காகப் போட்டால் இரண்டு மூன்று வாரம் அசையாது, அதற்குள் நகம் வளர்ந்து அடியில் தெரியும் இடைவெளியை இன்ஃபில் செய்து நிரப்பிக்கொண்டே போகலாம்.

கடைக்குள் கால் வைத்ததும் "வாங்கக்கா" என்று தமிழில் கூப்பிட்டது ஒரு சின்னப் பெண். வெளியே எங்கே போனாலும் பாதி ஆங்கிலம், பாதி சைகை என்று சமாளிக்கிற நமக்கு அந்த ஒரு வார்த்தை போதுமே. உட்கார வைத்து, இரண்டு கையையும் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊற வைத்தாள். துடைத்துவிட்டு, "கை ரொம்ப வறண்டு கிடக்குக்கா, வீட்டு வேலை எல்லாம் நீங்கதானா? இது என் கணக்கு, காசு வேண்டாம்" என்று லோஷன் போட்டு முழங்கை வரைக்கும் பிடித்துவிட்டாள். சும்மா சொல்லக்கூடாது, அவ்வளவு இதமாக இருந்தது. பிடித்துவிட்டுக்கொண்டே பேக்கேஜ் பேச்சை எடுத்தாள். ஒரு தடவைக்கு 88 வெள்ளி, ஆறு தடவைக்குச் சேர்த்துக் கட்டினால் 388 வெள்ளி, இன்றைக்கு மட்டும்தான் இந்த விலை, கல்யாணம் முடிந்தாலும் தீபாவளி வருது இல்லையா அக்கா என்று. வலது கை லோஷனோடு அவள் பிடியில் இருக்க, இடது கையால் கைப்பேசியில் பேநவ் தட்டி 388 வெள்ளி அனுப்பினேன். ஒரு தாள் நீட்டினாள், கையெழுத்துப் போட்டேன். அதற்கு அப்புறம்தான் நக வேலையே ஆரம்பம். லோஷனை டிஷ்யூவால் ஒரு துடை, மேலாக ஒரு ஃபைல், நகநுனியில் பிளாஸ்டிக் டிப் ஒட்டி, பிரஷ்ஷில் பவுடரைத் தொட்டு வைத்துக்கொண்டே போனாள்.

முதலில் தலைமுடிதான் காட்டிக்கொடுத்தது. தலை சீவும்போது முடி ஒவ்வொன்றாக நகத்தின் அடியோரத்தில் மாட்டி இழுத்தது. வெளிச்சத்தில் பார்த்தால், சதையை ஒட்டிய இடத்தில் பிறை மாதிரி வெள்ளையாக ஒரு கோடு, பத்து விரலிலும். வாட்ஸ்ஆப்பில் படம் எடுத்து அனுப்பினேன். "அக்கா பாத்திரம் கழுவுனீங்களா?" என்று பதில். கழுவாமல்? கையுறை போட்டுக் கழுவினீர்களா, பூண்டு உரித்தீர்களா, தலைக்கு எண்ணெய் வைத்தீர்களா என்று வரிசையாகக் கேள்வி. கடைசியில், "உங்களுக்கு எண்ணெய் நகம் அக்கா, அதான் நிக்கல." பணம் அனுப்பும்போது வறண்ட கை, நகம் கழன்றதும் எண்ணெய் நகம்!

மெஹந்தி அன்று பட்டுப்புடவை ஜரிகையில் மாட்டி மோதிர விரல் நகம் அப்படியே கழன்று விழுந்தது. அதை எடுத்துப் பார்த்தது என் நாத்தனார். ஜொகூரில் ஒரு நகக் கடையில் பல வருஷம் வேலை பார்த்தவர், கல்யாணத்துக்கென்று வந்திருந்தார். நகத்தைத் திருப்பி விளக்குக்கு நேரே பிடித்தார். உள்பக்கம் கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தது, ஓரத்தில் மட்டும் உலர்ந்த தோல் சவ்வு போல ஏதோ ஒட்டியிருந்தது. "அண்ணி, நீங்க இடிச்சுக் கழட்டியிருந்தா உங்க சொந்த நகத்தோட செதில் இதுல ஒட்டிக்கிட்டு வந்திருக்கும். இது பிடிக்கவே இல்ல" என்றார்.

அப்புறம் அவர் விளக்கியதைக் கேட்கக் கேட்கத்தான் வயிறு எரிந்தது. அக்ரிலிக் என்பது லிக்விடும் பவுடரும் கலந்து காற்றிலேயே தானாக இறுகும் பொருள். அது பிடிக்க வேண்டுமானால் நகம் காய்ந்து, எண்ணெய்ப் பசை இல்லாமல் இருக்க வேண்டும். நகத்தின் அடியோரத்தில், நகத்தின் மேலேயே கண்ணுக்குத் தெரியாமல் படர்ந்திருக்கும் செத்த தோலைச் சுரண்டி எடுக்க வேண்டும், பளபளப்பு போகும் அளவுக்கு லேசாகத் தேய்க்க வேண்டும், ஈரத்தையும் எண்ணெயையும் எடுக்கிற டிஹைட்ரேட்டர், அதன்மேல் பிடிப்புக்குப் பிரைமர், அதற்கு அப்புறம்தான் பவுடர். தண்ணீரில் ஊறிய நகம் ஈரத்தைக் குடித்து விரியும், காயக் காயச் சுருங்கும், மேலே போட்டது கூடச் சுருங்காதே, அதனால் ஓரத்தில் விட்டுவிடும். லோஷனைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பிரஷ்ஷில் லிக்விட் அதிகமானால் கலவை ஓடிப்போய் சதையில் ஏறும், சதையைத் தொட்ட இடத்திலிருந்துதான் தூக்கவும் ஆரம்பிக்கும். அடியில் தடிமனாகவும் நடுவில் மேடில்லாமல் சப்பையாகவும் போட்டால் கொஞ்சம் இடித்தாலே விரிசல். ஆக, எனக்கு இலவசமாகக் கிடைத்த அந்த ஊறலும் கை பிடித்துவிடுதலும்தான் 388 வெள்ளிக்கு வேட்டு வைத்திருக்கிறது.

இன்னொன்றும் சொன்னார். ஒன்றிரண்டு விரலில் நுனிப் பக்கம் தூக்கினால் அது பெரும்பாலும் நம் புழக்கம், டின் மூடியை நகத்தால் நெம்புவது போன்ற வேலை. பத்து விரலிலும் ஒரே மாதிரி அடியோரம் தூக்கினால் அது போட்டவரின் கை. அவர் வேலை பார்த்த கடையில், தூக்கிக்கொண்டது என்று யாராவது போன் செய்தால் முதலில் "பிச்சு எடுத்துடாதீங்க, அப்படியே வாங்க" என்பார்களாம். வந்ததும் எந்த விரல், எந்தப் பக்கம் என்று பார்த்து, ஒரு வாரத்துக்குள் என்றால் காசில்லாமல் சரி செய்து, வாடிக்கையாளர் அட்டையிலும் குறித்து வைப்பார்களாம். பாத்திரம் கழுவினாயா என்ற கேள்வி அங்கேயும் உண்டு, ஆனால் கையைப் பார்த்த பிறகுதான்.

நாத்தனாரையே கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். 'வாங்கக்கா' பெண் அன்றைக்கு விடுப்பாம். முதலாளியம்மா கல்லாவிலிருந்து எழுந்திருக்கவே இல்லை. கழன்ற நகத்தை மேசைமேல் வைத்தேன், அதைத் தொடக்கூட இல்லை. பேக்கேஜ் பணம் திரும்பக் கிடையாது, கையெழுத்துப் போட்ட தாளிலேயே இருக்கிறது என்றார். சரி, மறுபடி போட்டுத் தாருங்கள் என்றேன். தரலாம், ஆனால் ஆறில் ஒன்றாகக் கழியும் என்றார். அதாவது அவர்கள் கெடுத்ததைச் சரி செய்ய என் 388 வெள்ளியிலிருந்தே இன்னொரு தடவை. வேண்டாம் என்றால், தூக்கியிருக்கும் இடத்தில் பசை விட்டு அழுத்திவிடுகிறோம், ஒரு விரலுக்கு 8 வெள்ளி. வாய் கூசாமல் சொன்னார்.

நாத்தனார் அதற்கு மட்டும் குரலை உயர்த்தினார். தூக்கிய இடத்தில் ஏற்கனவே ஈரம் போயிருக்கும், அதன்மேல் பசை விட்டு மூடினால் உள்ளே சூடோமோனஸ் என்கிற கிருமி வளர்ந்து நகம் பச்சையாகிவிடும், இதுகூடத் தெரியாமலா கடை நடத்துகிறீர்கள் என்று மலாய் கலந்து கேட்டார். "நெக்ஸ்ட் கஸ்டமர் வெயிட்டிங்" என்று பதில் வந்தது. நாற்காலி எல்லாம் காலி!

அதன்பிறகு அனுப்பிய செய்திகளுக்கு நீலக் குறி விழுகிறது, பதில் இல்லை. ஒருமுறை மட்டும் "மேனேஜர்கிட்ட சொல்லியிருக்கு" என்று வந்தது. எந்த மேனேஜர்? அந்தக் கடையில் மொத்தமே மூன்று பேர். கல்யாணத்தன்று மிச்ச நகங்களை நாத்தனார்தான் மேலே அரத்தால் தேய்த்து, பஞ்சில் அசிட்டோன் நனைத்து, ஃபாயில் சுற்றி அரை மணி நேரம் ஊறவிட்டுக் கழற்றினார். நல்லவேளை, நான் எதையும் பிடுங்கவில்லை. சாதாரண நகச்சாயத்தோடு சீர்த்தட்டு தூக்கினேன், 388 வெள்ளி கொடுத்த கையோடு.

எச்சரிக்கை என்று பெரிதாக எழுத உட்கார்ந்தேன், பொறுமை போய்விட்டது, அவசரமாகச் சொல்லிவிடுகிறேன். முதல் தடவை ஒருமுறைக்கான காசு மட்டும் கொடுங்கள், இரண்டு வாரம் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுப் பேக்கேஜ் பேசுங்கள். அக்ரிலிக் போடுவதற்கு முன் தண்ணீர்க் கிண்ணமோ லோஷனோ வந்தால் கையை எடுத்துவிடுங்கள், மசாஜ் எல்லாம் கடைசியில்தான். தூக்கிக்கொண்டால் பிடுங்காதீர்கள், பசை விடவும் விடாதீர்கள், பத்து விரலையும் படம் எடுங்கள், கழன்றதைத் தூக்கிப் போடாதீர்கள். பேக்கேஜ்தான் வேண்டும் என்றால் பயனீட்டாளர் சங்கத்தின் கேஸ்டிரஸ்ட் சான்று உள்ள இடமா என்று பாருங்கள், அந்தச் சான்று பெற்ற ஸ்பா, அழகு நிலையங்கள் மனம் மாறினால் ரத்து செய்ய 5 வேலை நாள் அவகாசம் தர வேண்டும். நான் போன கடையில் அந்த ஸ்டிக்கரே கிடையாது.

நான் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தில் புகார் எழுதிக்கொண்டிருக்கிறேன். அதில் நகரவில்லை என்றால் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம், இந்தத் தொகைக்கு மனுக் கட்டணம் 10 வெள்ளிதான், வக்கீல் கிடையாது, நம் வழக்கை நாமே பேச வேண்டும், 2 வருஷத்துக்குள் போட வேண்டும். 388 வெள்ளிக்கு இவ்வளவு அலைச்சலா என்று என் வீட்டுக்காரர் கேட்கிறார். அவர் கையிலா லோஷன் தடவினார்கள்!

கடைப் பெயர் கேட்டு எனக்குச் செய்தி அனுப்பாதீர்கள், மனு முடியும்வரை சொல்ல மாட்டேன். இதே மாதிரி உங்களுக்கும் நடந்து, ரசீது, படம் வைத்திருந்தால் மட்டும் எழுதுங்கள்.