மண் உண்டியல்: லெந்துக்கு மட்டும் வாங்காதீர்கள்

இந்த மண் உண்டியல் தஞ்சாவூர் - கும்பகோணம் சாலையோரப் பானைக் கடை ஒன்றில் வாங்கியது. விலை 80 ரூபாய், பேரம் பேசினால் குறையும், நான் பேசவில்லை. காணிக்கைக்கு வாங்குகிற பாத்திரத்துக்குப் பேரமா என்று தோன்றியது, அவ்வளவுதான். நல்ல முற்றின தேங்காய் அளவு, சாயம் பூசாத செம்மண். மேலே ஒரு கீறல், வேறு திறப்பே கிடையாது. காசை எடுக்க வேண்டுமென்றால் உடைக்கத்தான் வேண்டும்.

இதற்காகவே வாங்கலாம் என்பேன். பூட்டுப் போட்ட தகர உண்டியல் வைத்திருக்கிற வீடுகளுக்குத் தெரியும், லெந்து நாட்களில், அதாவது ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் நோன்பில், கறி மீனை விட்டுக் காணிக்கைக்கென்று மிச்சம் பிடித்த காசு உள்ளே இருக்கும், கேஸ் சிலிண்டர்க்காரர் வாசலில் நிற்கும்போது சாவியும் வெளியே வரும், "அப்புறம் போட்டுக்கலாம்" என்கிற பேச்சும் கூடவே வரும். சபையில் கொடுக்கிற அட்டைப் பெட்டியும் ஓரத்தைப் பிரித்தால் திறந்துவிடும். மண்ணில் போட்டது போட்டதுதான். 1779இல் மைசூரை ஆண்ட ஹைதர் அலியிடம் தூது போய்வந்த மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயர், ஹைதர் வழிச்செலவுக்குக் கொடுத்த 300 ரூபாயைத் தனக்கென்று வைத்துக்கொள்ளாமல் கம்பெனி அரசிடம் ஒப்படைக்கப் போனார், அவர்கள் வேண்டாமென்றதும் தஞ்சாவூரில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு முதலாக்கினார். அந்த மனுஷருக்கு உண்டியல் தேவைப்பட்டிருக்காது. நமக்குத்தான் சாவி இல்லாதது வேண்டியிருக்கிறது.

குறைகளும் உண்டு. கீறலின் உள்விளிம்பைச் சரியாகச் செதுக்காமல் சுட்டிருக்கிறார்கள், பத்து ரூபாய் நாணயம் நுழையும், நோட்டை நாலாக மடித்துக் குச்சியால் தள்ள வேண்டும். அடைமழையில் மண் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், உள்ளே நோட்டில் பூஞ்சை வாடை வரும். தரையில் வைக்காமல் பரண் ஓரமாக வையுங்கள். உடைக்கும்போது சாக்குக்குள் போட்டு உடைப்பது நல்லது, இல்லாவிட்டால் ஓட்டுச் சில்லும் சில்லறையும் கலந்துபோகும். இன்னொரு லாபம், உபயம் என்று பெயர் எழுத இதில் வழியே இல்லை. வெளிச்சமே வராத அளவுக்கு ட்யூப்லைட்டில் பெயர் எழுதுகிற ஊர்களில் இது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் இதை லெந்துக்கு மட்டும் வாங்குவதில் எனக்கு ஒரு மனக்குறை. லெந்து வருவது மாசி, பங்குனியில். சம்பா அறுத்து, கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் போட்டு, பணம் கணக்கில் ஏறிக்கொண்டிருக்கிற நேரம், வயலில் உளுந்து வேறு நிற்கும். அப்போது உண்டியல் கனப்பதில் என்ன ஆச்சரியம்? டெல்டாவில் கை வறண்டு கிடப்பது ஐப்பசி, கார்த்திகையில்தான். நடவுக் கூலி கொடுத்தாயிற்று, உரம் வாங்கியாயிற்று, நகை கூட்டுறவு வங்கியில் அடகில் இருக்கிறது, மழை பெய்தால் வயலில் தண்ணீர் நிற்கும், கூலி வேலையும் இருக்காது. அப்போது போடுகிற இருபது ரூபாய் வலிக்கும். வேதத்தில் அர்வனா என்பவன் பலி செலுத்தத் தன் களத்தையும் மாடுகளையும் சும்மாவே தருகிறேன் என்றபோது, தாவீது ராஜா 50 சேக்கல் வெள்ளி கொடுத்துத்தான் வாங்கினான், இலவசமாய் வாங்கிப் பலி செலுத்தமாட்டேன் என்று பிடிவாதமாக நின்றான். களம் என்றால் என்னவென்று தெரிந்த நமக்கு அந்த வசனத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. இரண்டு காசு போட்ட விதவையையும் இயேசு அவளிடம் மிஞ்சியதை வைத்துத்தான் கணக்குப் பார்த்தார். பவுல் எழுதுகிற மக்கெதோனியா சபைகள் கொடுத்ததும் கொடிய தரித்திரத்தில்தான்.

அதனால் எங்கள் வீட்டில் இப்போது ஐப்பசியிலும் ஒன்று வைக்கிறோம். கார்த்திகைக் கடைசியில் உடைத்து, வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கிற வீடு ஏதாவது ஒன்றுக்கு அரிசியும் எண்ணெயும் வாங்கிக் கொடுப்போம். யார் கொடுத்தது என்று சொல்வதில்லை, ஆனால் தெருவில் தெரிந்துதான் போகிறது, அதை என்ன செய்ய. தொகை சின்னதுதான். லெந்து உண்டியலில் பாதிகூட வராது.

வாங்கும்போது விரலால் தட்டிப் பாருங்கள், டங்கென்று கேட்டால் நன்றாக வெந்தது, மொத்தென்று கேட்டால் எங்கோ விரிசல், வேண்டாம். ஐப்பசிக்கென்றால் சின்ன அளவே போதும். மழை தொடங்கிய பிறகு போனால் காய்ந்த சரக்கு கிடைப்பது கஷ்டம், புரட்டாசியிலேயே வாங்கி வைத்துவிடுங்கள்.