அரிசோனாவின் பணமும் மிசிசிப்பியின் கதவும்

அமெரிக்காவில் பள்ளிச் சீர்திருத்தம் என்றால் குடியரசுக் கட்சிக்காரர்கள் எல்லாரும் ஒரே பாட்டைத்தான் பாடுவார்கள் என்று தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்குத் தோன்றும். ஆசிரியர் சங்கங்கள் ஆகாது, வாஷிங்டன் தலையிடக் கூடாது, பிள்ளை விஷயத்தில் பெற்றோர் சொல்வதுதான் சட்டம். பேச்சு வரைக்கும் அப்படித்தான். ஆனால் ஆட்சி கைக்கு வந்ததும் என்ன செய்தார்கள் என்று பார்த்தால், அரிசோனாவும் மிசிசிப்பியும் ஆளுக்கொரு திசையில் போயிருக்கின்றன. அரிசோனா பெற்றோரை நம்பிப் பணத்தைக் கையில் கொடுத்தது. மிசிசிப்பி அரசுப் பள்ளியின் காதைப் பிடித்துத் திருகியது.

அரிசோனாவின் வழிக்கு மூலம் பொருளாதார அறிஞர் மில்டன் ஃப்ரீட்மன். பள்ளிக்கு அரசு பணம் கொடுக்கலாம், பள்ளியை அரசே நடத்த வேண்டியதில்லை என்று 1955-இல் எழுதினார். அரிசோனாவில் 2011-இல் தொடங்கிய கல்விக் கணக்குத் திட்டம் முதலில் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கு மட்டும்தான். பேச்சு வராத பிள்ளைக்கு ஏற்ற ஆசிரியர் உள்ளூர்ப் பள்ளியில் இல்லை, வெளியே பயிற்சி கொடுக்க அம்மாவுக்கு வசதியில்லை, அரசு அந்தப் பிள்ளைக்குச் செலவிடும் பணத்தை அவரிடமே கொடுக்கட்டும். இதில் குறை சொல்ல எனக்கு எதுவும் தோன்றவில்லை.

அப்புறம்தான் வரம்பு அகன்றது. எல்லாருக்கும் கதவைத் திறக்கும் சட்டத்தை 2018-இல் மக்கள் வாக்கெடுப்புக்கு விட்டபோது, மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவானோர் வேண்டாம் என்றார்கள். நான்கே ஆண்டில், 2022-இல், ஆளுநர் டக் டியூசி அதைவிடப் பெரிய சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். இப்போது மாநிலத்தின் சுமார் 11 லட்சம் பிள்ளைகளில் யார் வேண்டுமானாலும் கேட்கலாம். ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்குச் சுமார் 7,000 டாலர். அது ஓர் இணையக் கணக்கில் விழும். தனியார் பள்ளிக் கட்டணம், டியூஷன், புத்தகம் என்று பெற்றோர் அதிலிருந்து செலவு செய்துகொள்ளலாம்.

பியானோ வாங்கினார்கள், லெகோ வாங்கினார்கள், பனிச்சறுக்குக்குச் சீட்டு எடுத்தார்கள் என்று செய்திகள் வந்தன. இதைக் கேலி செய்வது சுலபம். வீட்டிலேயே பிள்ளைக்குப் பாடம் சொல்லித் தருகிற குடும்பம், "எங்களுக்கு அதுதான் பி.டி. வகுப்பு" என்று சொன்னால் மறுக்கவா முடியும்? என்னை உறுத்துவது வேறு. எல்லாருக்கும் திறந்த புதிதில் விண்ணப்பித்த பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் அதற்குமுன் அரிசோனாவின் அரசுப் பள்ளியில் படித்ததே இல்லை என்று மாநிலக் கல்வித்துறையின் கணக்கே சொன்னது. மோசமான பள்ளியில் மாட்டிக்கொண்ட ஏழைப் பிள்ளையை மீட்கத்தான் திட்டம் என்றார்கள். பணம் போனது பெரும்பாலும் ஏற்கெனவே வெளியே இருந்தவர்களுக்கு. செலவு ஆண்டுக்கு 100 கோடி டாலரை ஒட்டி வந்துவிட்டது. முதலில் போட்ட மதிப்பீடு சில கோடிகள்தான்.

இந்தப் பிள்ளைகள் மாநிலத் தேர்வு எழுத வேண்டியதில்லை என்பதை அதைவிட முக்கியமாக நினைக்கிறேன். பிள்ளை படித்ததா என்று யாரும் கேட்பதில்லை. அது பெற்றோருக்குத் தெரியும் என்பது ஆதரவாளர்களின் பதில். பிறக்கவே பிறக்காத பிள்ளைகளின் பெயரில் பணம் எடுத்ததாக 2024-இல் ஒரு வழக்குப் பதிவானது. குற்றம் சாட்டப்பட்டவர்களில் மாநிலக் கல்வித்துறையின் முன்னாள் ஊழியர்களும் இருந்தார்கள்.

மிசிசிப்பிக்கு வருவோம். 2013-இல் நான்காம் வகுப்பு வாசிப்பில் நாட்டில் 49-ஆம் இடம். அந்த ஆண்டு ஆளுநர் ஃபில் பிரையன்ட் கையெழுத்திட்ட சட்டத்தின் சாரம் இதுதான்: மூன்றாம் வகுப்பு முடிவில் வாசிக்கத் தெரியாத பிள்ளை நான்காம் வகுப்புக்குப் போகாது. இதை அங்கே 'மூன்றாம் வகுப்புக் கதவு' என்பார்கள். யோசனை அவர்களுடையது அல்ல. ஃபுளோரிடாவில் ஜெப் புஷ் ஆளுநராக இருந்தபோது செய்தது.

ஆனால் கதவை மட்டும் பார்த்தால் விஷயம் பிடிபடாது. அமெரிக்காவில் பல பள்ளிகளில், தெரியாத சொல் வந்தால் படத்தைப் பார், முன்பின் சொற்களைப் பார், ஊகித்துச் சொல் என்று பழக்கியிருந்தார்கள். மிசிசிப்பி அதை நிறுத்திவிட்டு, எழுத்துக்கு ஒலி, ஒலிகளைச் சேர்த்தால் சொல் என்று ஆரம்பத்துக்குத் திரும்பியது. எழுத்துக்கூட்டிப் படிப்பது, அவ்வளவுதான். தமிழில் படித்த நமக்கு இதற்கு ஒரு சட்டமா என்று சிரிப்பு வரலாம். ஆங்கிலத்தில் ough என்ற ஒரே எழுத்துக்கூட்டம் 'தோ'-வில் (though) ஓ ஆகவும் 'த்ரூ'-வில் (through) ஊ ஆகவும் 'காஃப்'-இல் (cough) ஆஃப் ஆகவும் ஒலிக்கும்போது, அதைச் சொல்லித்தரவே ஆசிரியருக்குத் தனிப் பயிற்சி வேண்டும். ஆயிரக்கணக்கான ஆசிரியர்களுக்கு அது கிடைத்தது. பின்தங்கிய பள்ளிகளுக்கு மாநிலமே வாசிப்புப் பயிற்றுநர்களை அனுப்பியது. அவர்கள் வகுப்பில் கூடவே இருந்து ஆசிரியருக்குக் கைகொடுத்தார்கள். இதற்கெல்லாம் ஆண்டுச் செலவு சுமார் 1.5 கோடி டாலர். 2024-இல் மாநிலம் 9-ஆம் இடத்தில் இருந்தது.

இந்த எண்ணிலும் ஓட்டை உண்டு. தடுமாறுகிற பிள்ளையை மூன்றிலேயே உட்கார வைத்தால் நான்காம் வகுப்பின் சராசரி தானாக ஏறாதா என்று விமர்சகர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். எட்டாம் வகுப்பு வாசிப்பில் மாநிலம் இன்னும் தேசிய சராசரிக்குக் கீழேதான். கூடப் படித்தவர்கள் எல்லாம் மேலே போக, அதே பெஞ்சில் மறுபடி உட்காரும் ஒன்பது வயதுப் பிள்ளையின் அவமானம் எந்தப் பட்டியலிலும் ஏறாது. ஆனாலும் 49-இலிருந்து 9 வரை வந்ததை அந்த ஓட்டையால் மட்டும் விளக்கிவிட முடியாது. சந்தேகப்படுவதற்காவது இங்கே ஓர் எண் இருக்கிறது. அரிசோனாவின் கணக்கில் இருக்கும் பிள்ளைகளைப் பற்றிப் பேச அதுவும் இல்லை.

கிராமம் என்று வந்தால் வித்தியாசம் இன்னும் கூடுகிறது. அரிசோனாவின் பெருநகரான ஃபீனிக்ஸின் புறநகரில் 7,000 டாலரை வைத்துக்கொண்டு நாலு பள்ளி ஏறி இறங்கலாம். மிசிசிப்பி டெல்டாவில் பருத்தி வயலுக்கு நடுவே இருக்கும் ஊரில் எங்கே போவது? அங்கே இருக்கும் தனியார் பள்ளிகளில் சில, 1970-ஐ ஒட்டி நீதிமன்றம் கறுப்பின, வெள்ளையினப் பிள்ளைகளை ஒன்றாக உட்கார வைக்கச் சொன்னபோது, வெள்ளையர்கள் தங்கள் பிள்ளைகளுக்காக அவசரமாகத் திறந்தவை. 'பெற்றோரின் தேர்வு' என்ற சொல் அந்த மண்ணில் வேறு மாதிரிக் கேட்கும்.

என்னைக் கேட்டால், மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கு அரிசோனாவின் 2011 வடிவம், வாசிக்கத் தடுமாறும் மற்ற எல்லாப் பிள்ளைக்கும் மிசிசிப்பி. 'நம்மைக் கேட்காமல் அரசு நம் பிள்ளையை வளர்க்கிறது' என்ற கோபத்துக்கு மிசிசிப்பியிடம் பதில் கிடையாது; அங்கேயும் அரசுதான் விசில் ஊதுகிறது. அந்தக் கோபம் உள்ளவர்களுக்கு மதிப்பெண் பட்டியலைக் காட்டிப் பயனில்லை.

வேடிக்கை என்னவென்றால், வாசிக்கத் தெரியாத பிள்ளையை மூன்றாம் வகுப்பில் நிறுத்தும் சட்டம் அரிசோனாவிலும் 2010-இலேயே வந்தது. அப்படி நிறுத்தப்பட்டவர்கள் மிகச் சிலர். மிசிசிப்பியிலோ, கீழவை சபாநாயகர் ஜேசன் வைட் இப்போது பணத்தைப் பெற்றோர் பின்னால் அனுப்பும் திட்டத்தோடு நிற்கிறார்.