நீலகிரியில் நான் உண்டாக்கிய பூகம்பம்: 3018 சிஎன்சி, மூன்று வருடம் கழித்து

கம்ப்யூட்டர் சொல்கிறபடி மரத்தைச் செதுக்கும் குட்டி மிஷின் ஒன்று என்னிடம் இருக்கிறது, 3018 சிஎன்சி என்று பெயர். அதில் வெட்டும் முனையை மேலும் கீழும் நகர்த்துவது இசட் அச்சு. போன வாரம் அந்த அச்சில் மோட்டாரை ஸ்க்ரூவோடு இணைக்கும் கப்ளிங்கை மாற்றினேன். மூன்று வருடத்தில் மூன்றாவது கப்ளிங். பழையதைக் கழற்றி வைத்துவிட்டுக் கையில் ஒட்டிய கிரீஸைத் துடைத்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து நண்பன் ஒருவன் போன் பண்ணினான். "மாப்ள, உன்கிட்ட இருக்கிற அதே 3018 செகண்ட்ஸ்ல பத்தாயிரத்துக்கு வருது. எடுத்துரலாமா? நீ பண்ற மலை மாதிரி நானும் பண்ணணும்டா." அவன் கேட்ட நேரம் சரியில்லை. வாயில் வந்ததைச் சொல்லி வைத்துவிட்டேன். இதை அதற்குப் பரிகாரமாக எழுதுகிறேன். கொஞ்சமாவது நியாயமாக எழுதப் பார்க்கிறேன்.

மிஷின் விவரமெல்லாம் தெரிந்ததுதான். முப்பதுக்குப் பதினெட்டு சென்டிமீட்டர் மேடை, அலுமினியச் சட்டம், முனையைச் சுழற்ற 775 மோட்டார், மிஷினை இயக்க ஜிஆர்பிஎல் போர்டு. 2022 கடைசியில் இருபத்திரண்டாயிரம் கொடுத்து வாங்கினேன். முதல் ஆறு மாதம் பெயர்ப்பலகை, கீசெயின், பூஜையறைக்கு ஓம் என்று ஓடியது. அதுவரைக்கும் ஒரு குறை சொல்ல மாட்டேன். மலைக்கு வந்த பிறகுதான் வினை ஆரம்பித்தது.

கோவையில் எங்கள் மொட்டை மாடியில், மழை விட்ட மறுநாள் காலையில் வடக்கே பார்த்தால் நீலகிரி மதில் மாதிரி எழுந்து நிற்கும். வெட்டினால் முதலில் அதைத்தான் என்று முடிவு பண்ணியிருந்தேன். உயரத் தகவல் காசில்லாமலே கிடைக்கிறது. 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் பதினோரு நாள் பூமியைச் சுற்றி ரேடாரால் அளந்த எஸ்ஆர்டிஎம்தான் அது. 30 மீட்டருக்கு ஒரு புள்ளி. இதைவிட நுணுக்கமாக எங்காவது கிடைக்குமா என்று ஒரு மாதம் தேடி அலைந்தேன், கணக்குப் போட்டுப் பார்க்காமல். கிழக்கு மேற்காக 50 கிலோமீட்டர், தெற்கு வடக்காக 30 கிலோமீட்டர். அதை 250க்கு 150 மி.மீ. பலகையில் அடக்கினால் மரத்தில் ஒரு மி.மீ. என்பது 200 மீட்டர். 30 மீட்டர் புள்ளி 0.15 மி.மீ.தான் வரும். என் கையில் இருப்பதோ 3 மி.மீ. உருண்டை முனை பிட், அதாவது மரத்தை வெட்டும் முனை. அது தொடவே முடியாத இடுக்குகளுக்காக ஒரு மாதம் போனது.

உயரம் மட்டும் கொஞ்சம் ஏமாற்ற வேண்டியிருக்கிறது. மேட்டுப்பாளையம் ரயில் நிலையம் 326 மீட்டர், தொட்டபெட்டா 2,637 மீட்டர். உள்ளது உள்ளபடி வெட்டினால் இந்த வித்தியாசம் மரத்தில் பதினொன்றரை மி.மீ. தேறும். அதை ஒருவர் பார்த்துவிட்டு "துணி கசங்கின மாதிரி இருக்கே" என்றார். அதனால் 1.4 மடங்கு கூட்டினேன். இப்போது பதினாறு மி.மீ. சொச்சம்.

முதல் பலகை சில்வர் ஓக். தேயிலைத் தோட்டத்தில் நிழலுக்கு நிற்கும் மரத்திலேயே நீலகிரியைச் செதுக்குவது எவ்வளவு பொருத்தம் என்று நினைத்தேன். ஆஸ்திரேலியாவில் இருந்து வந்த மரம் என்பது வேறு கதை. வெட்டி முடித்துப் பார்த்தால், மரத்தின் ரேகை ஒரு பக்கம் ஓடுகிறது, மலைச் சரிவு இன்னொரு பக்கம் ஓடுகிறது. கண் ரேகையைத்தான் பிடித்துக்கொள்கிறது, மலை தெரியவே இல்லை. போதாததற்கு அந்தத் தூளில் இரண்டு நாள் முழங்கை வரை அரிப்பு. தேக்கில் பார்த்தேன், ரேகை அதிலும் அப்படித்தான், பிட் வேறு சீக்கிரம் மழுங்கியது.

அப்புறம்தான், சமையலறை அலமாரி செய்த ஆசாரி விட்டுப்போன 18 மி.மீ. மரைன் பிளைவுட் துண்டு ஒன்று கண்ணில் பட்டது. சோதனைக்குத்தானே என்று அதைப் போட்டேன். மேல்மட்டம் போய், முனை சரிவில் இறங்க இறங்க, பிளைவுட்டின் அடுக்குகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. வெளிர் மரம், நடுவில் கரும்பழுப்புப் பசைக் கோடு, மறுபடி மரம். ஒவ்வொரு பசைக் கோடும் ஒரே மட்டத்தில் இருப்பதால், மலையைச் சுற்றி அது சமவுயரக் கோடாக ஓடுகிறது! சர்வே வரைபடத்தில் வளைந்து வளைந்து வருமே, அதே கோடு. யாரும் வரையவில்லை, அது மரத்துக்குள்ளேயே இருந்திருக்கிறது. அன்று ராத்திரி நான் சாப்பிடப் போகவில்லை.

அளந்து பார்த்தேன். 13 அடுக்கு, ஒன்று சுமார் 1.4 மி.மீ. உயரத்தை நான் கூட்டியதும் 1.4 மடங்கு. ஆகவே ஒரு அடுக்குக்கு 200 மீட்டர். திட்டம் போட்டுச் செய்திருந்தால்கூட இப்படி அமைந்திருக்காது. குன்னூர் நிலையம் 1,712 மீட்டர். மேட்டுப்பாளையத்தில் இருந்து அங்கே போக, மலை ரயில் என் பலகையில் கிட்டத்தட்ட ஏழு அடுக்கு ஏறுகிறது. கல்லாறு தாண்டிப் பல்சக்கரம் ஏன் வேண்டியிருக்கிறது என்று யாருக்காவது விளக்க வேண்டுமானால் இப்போது பேசுவதில்லை. விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்துவிடுவேன். கோடுகள் நெருக்கிக்கொண்டு நிற்பது விரலுக்கே தெரியும். குன்னூரில் இருந்து ஊட்டி 2,203 மீட்டர், இன்னும் இரண்டரை அடுக்குதான். அங்கே கோடுகள் தளர்ந்து அகலமாகப் படுத்துக் கிடக்கும்.

இதற்கு ஐஎஸ் 710 முத்திரை, அதாவது மரைன் பிளைவுட்டுக்கான தர முத்திரை, உள்ள பிளைவுட்தான் வேண்டும். அதில் போடுவது ஃபீனால் பசை, கறுப்பாக இருக்கும். சாதா எம்ஆர் பிளையில் பசை நிறமே தெரியாது, கோடும் வராது. ஃபீனால் பசை பிட்டை வேகமாகத் தின்னும், அந்தத் தூளும் நல்லதில்லை, மாஸ்க் இல்லாமல் கிட்டே போகாதீர்கள். உள்ளே இடைவெளி விட்டு ஒட்டியிருந்தால் அதுவும் அம்பலமாகும். கோத்தகிரியில் வாழும் என் அத்தை ஒரு பலகையைத் தடவிக்கொண்டே வந்து ஓரிடத்தில் விரலை நிறுத்தி, "எங்க ஊர்ல இப்பிடிப் பள்ளம் கிடையாதே கண்ணு" என்றார். வரைபடமே பார்த்தறியாதவர். பிளைவுட் கம்பெனிக்காரன் விட்ட ஓட்டையை ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டார். மரத்தூளையும் ஃபெவிகாலையும் குழைத்து அடைத்துக் கொடுத்தேன்.

சரி, இப்போது அந்தக் கப்ளிங்.

பெயர்ப்பலகை வெட்டும்போது இசட் அச்சு மொத்தமாக முப்பது நாற்பது தடவை ஏறி இறங்கும், அவ்வளவுதான். மலை வெட்டும்போது அதற்கு ஓய்வே கிடையாது. 0.3 மி.மீ. இடைவெளியில் 500 கோடு. ஒவ்வொரு கோட்டிலும் ஒவ்வொரு முகடும் ஒவ்வொரு பள்ளத்தாக்கும் அது ஏறி இறங்கியாக வேண்டும். நிமிடத்துக்கு 800 மி.மீ. வேகத்தில் இரண்டரை மணி நேரத்தில் முடிய வேண்டிய வேலை ஐந்து மணி நேரம் இழுப்பதும் இதனால்தான். சமதரையில் ஓடும் மற்ற இரண்டு அச்சும் இசட்டுக்காகக் காத்துக்கொண்டு நிற்கின்றன. மிஷினில் ஆகக் கடினமான வேலை இசட்டுக்கு, ஆக மட்டமான சாமானும் இசட்டுக்கு. மோட்டாரையும், சுற்றிச் சுற்றி முனையை ஏற்றி இறக்கும் நீள மரைத் தண்டான லீட் ஸ்க்ரூவையும் இணைக்க ஒரு அலுமினியக் கப்ளிங், அதை இறுக்கத் தலையில்லாத இரண்டு குட்டி ஸ்க்ரூ, கிரப் ஸ்க்ரூ என்பார்கள். அந்த ஸ்க்ரூ போய் உட்காருவது லீட் ஸ்க்ரூவின் மரையின்மேல். மரையின் மேட்டில் ஒரு புள்ளியில் தொட்டுக்கொண்டு நிற்கிறது. ஐந்து மணி நேரம் அதிர்ந்தால் நழுவாமல் என்ன செய்யும்?

அப்படித்தான் நழுவியது, நான்கு மணி நேரம் ஓடிய பிறகு. தெற்கில் இருந்து வெட்டிக்கொண்டு வந்து குன்னூரைத் தாண்டியதும், ஒரு செங்குத்து ஏற்றத்தில் மோட்டார் சுற்றியது, ஸ்க்ரூ கூடவே சுற்றவில்லை. முனை ஏற வேண்டிய அளவுக்கு ஏறவில்லை. நான் அப்போது டீ குடிக்கப் போயிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் குன்னூருக்கு வடக்கே பலகையின் இந்த ஓரத்தில் இருந்து அந்த ஓரம் வரை நேர்கோடாக ஒரு வெட்டு. அதற்கு அப்பால் எல்லாம் 1.2 மி.மீ. கீழே. ஊட்டி, கோத்தகிரி, தொட்டபெட்டா எல்லாம் 170 மீட்டர் இறங்கிவிட்டன. தமிழ்நாட்டின் மிக உயர்ந்த சிகரம் என்ற பட்டம் தொட்டபெட்டாவிடம் இருந்து போய்விட்டது. அதைவிட வயிற்றெரிச்சல், பசைக் கோடுகள் அந்த வெட்டில் வந்து அறுந்து, ஒரு படி தள்ளி மறுபடி தொடங்கியதுதான். புவியியல் பாடப் புத்தகத்தில் நிலப்பிளவுக்குப் போட்டிருக்கும் படம் அச்சு அசலாக அப்படித்தான் இருக்கும். அந்தப் பலகையை எறிய மனசு வரவில்லை, இன்னும் ஷெட் சுவரில் மாட்டி வைத்திருக்கிறேன்.

விற்றவரிடம் கேட்டால், "நீங்க ஓவர்லோட் குடுத்திருப்பீங்க சார்" என்றார். இறுக்கினேன். ஸ்க்ரூ தளராமல் பிடிக்கும் நீல லாக்டைட் பசை விட்டேன். நான்கு பலகை தாண்டியது, ஐந்தாவதில் மறுபடி நழுவியது. புதுக் கப்ளிங் போட்டேன். ஒரு வருடத்தில் அதன் கிரப் ஸ்க்ரூ மரையே வழுக்கிப் போய்விட்டது. கடைசியில் லீட் ஸ்க்ரூவைக் கழற்றிக்கொண்டு பக்கத்துத் தெரு லேத் பட்டறைக்குப் போனேன். அண்ணன் வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "தம்பி, மரை மேல கிரப் ஸ்க்ரூ அடிச்சா நிக்குமா? யாரு சொல்லிக் குடுத்தது?" மேல்முனையில் இரண்டு சென்டிமீட்டருக்கு மரையைக் கடைந்து எடுத்து வழுவழுப்பாக்கினார். கடைந்ததில் மெலிந்துவிட்ட அந்த முனையைச் சுற்றிக் கவ்விப் பிடிக்கிற கிளாம்ப் வகைக் கப்ளிங் 180 ரூபாய். கடைசல் கூலி நூறு. 280 ரூபாயில் தீர்ந்திருக்க வேண்டிய விஷயத்துக்கு மூன்று வருடம். இருபத்திரண்டாயிரம் வாங்குகிறவர்களுக்கு இந்த 280 ரூபாயைப் போட மனசு வரவில்லையா? இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் தணியவில்லை.

மாற்றிய பிறகு இரண்டு பலகை முடித்துவிட்டேன். நேற்று முடித்ததில் கோடுகள் மயிரிழை பிசகாமல் சேர்ந்திருக்கின்றன. ஆளிவிதை எண்ணெய் ஒரு கை தடவியதும் பசைக் கோடெல்லாம் கறுத்து, ஈர மலை மாதிரி இருக்கிறது. மேசைமேல் வைத்து, சாயங்கால வெயில் பக்கவாட்டில் விழும்போது பார்த்துக்கொண்டே இருக்கலாம். இந்த மூன்று வருடத்தில் நான் காசு கொடுத்து வாங்கிய எதுவும் எனக்கு இவ்வளவு சந்தோஷம் கொடுத்ததில்லை.

ஆனாலும் மாப்ள, வாங்காதே. பெயர்ப்பலகைக்கு என்றால் கண்ணை மூடிக்கொண்டு எடு. மலைக்கு என்றால் வேண்டாம். எனக்குப் பொறுமை இருந்ததால் இல்லை, பிடிவாதம் இருந்ததால் ஓட்டினேன். உன்னை எனக்குத் தெரியும், முதல் பூகம்பத்திலேயே மிஷினைத் தூக்கி மாடிக்குப் போட்டுவிடுவாய்.

சொன்னால் கேட்க மாட்டாய் என்பதும் தெரியும். போய்ப் பார்ப்பதாக இருந்தால் மேடை, மோட்டார் எதையும் பார்க்காதே. கரண்ட் கொடுத்து மோட்டாரைப் பூட்டிய நிலையில் வைத்துக்கொண்டு, இசட் ஸ்க்ரூவைக் கையால் இரண்டு பக்கமும் திருகிப் பார். துளி அசைந்தாலும் இரண்டாயிரம் குறைத்துக் கேள். ஞாயிற்றுக்கிழமை என்றால் சொல், நானும் வருகிறேன். இரண்டு மி.மீ. ஆலன் கீ என்னிடம் இருக்கிறது.